இயல்பு எங்கிருந்து வந்தது?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டுப் பெண்கள் கல்லூரி நேர்காணலில் ஒரு பெண்ணுக்கு இடம் வாங்கித் தருவது அவளுடைய இயல்பா, தயாரிப்பா என்பது தலைப்பு. இயல்பே என்று எதிரணித் தலைவர் அழகாகப் பேசிவிட்டு அமர்ந்தார். “கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?” என்று அவர் கேட்டபோது நானும் கைதட்டினேன். நல்ல பழமொழி. ஆனால் அது குறை சொல்வது கட்டிக்கொடுத்த சோற்றை. சமைக்கக் கற்றுக்கொள்வதை எந்தப் பழமொழியும் குறை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இன்னொருவர் எழுதிக் கொடுத்த பதிலை ஒப்பிப்பதற்குப் பெயர் தயாரிப்பு என்று எங்கள் அணி எப்போது சொன்னது? அவராக ஒரு கிளியைப் பிடித்து வந்து, எங்கள் தோளில் உட்கார வைத்து, அப்புறம் அந்தக் கிளியை அடித்துவிட்டுப் போகிறார்.

முதலில் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இன்று பெண்களுக்கு மட்டுமான கல்லூரிகள் இரண்டுதான் இருக்கின்றன: நியூனம், மரே எட்வர்ட்ஸ். விண்ணப்பம் அக்டோபரில் போய்விட வேண்டும், நேர்காணல் பெரும்பாலும் டிசம்பரில். எதிரே உட்காருபவர்கள் அந்தப் பாடத்தையே சொல்லித் தரும் ஆசிரியர்கள். கணக்குக்கு விண்ணப்பித்தவளுக்கு முன்பின் பார்த்திராத ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். இலக்கியத்துக்கு விண்ணப்பித்தவளுக்கு ஒரு பக்கத்தைக் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். விடை தப்பினாலும் பெரிய குற்றமில்லை. ஒரு துப்புக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாளா, தப்பு என்று தெரிந்ததும் திரும்பி வந்து வேறு வழியில் போகிறாளா என்பதுதான் பார்வை. அங்கே ஓரிரு மாணவர்களை உட்கார வைத்து, வாதம் செய்தே பாடம் நடத்துவார்கள். சூப்பர்விஷன் என்று பெயர். இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு அப்படிப் பாடம் நடத்த முடியுமா என்பதற்கான வெள்ளோட்டம்தான் அந்த நேர்காணல்.

அமெரிக்காவின் ஸ்மித், பிரின் மார், மவுண்ட் ஹோலியோக் கல்லூரிகளில் வேறு மாதிரி. அது உரையாடல். எதிரே இருப்பவர் சேர்க்கை அலுவலராக இருக்கலாம், அங்கேயே படித்து முடித்த முன்னாள் மாணவியாகவும் இருக்கலாம். முன்னாள் மாணவியாக இருந்தால் உங்கள் மதிப்பெண் பட்டியல் பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. அவருக்குத் தெரியப்போவது நீங்கள் வாய் திறந்து சொல்வது மட்டும்தான். பல இடங்களில் “நேர்காணல் கட்டாயமில்லை” என்று போட்டிருப்பார்கள். கட்டாயமில்லை என்பதை வேண்டாம் என்று படித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்த அணியாலும் உதவ முடியாது.

இரண்டும் இருவேறு தேர்வுகள். ஒன்றில் உரக்க யோசிக்க வேண்டும், இன்னொன்றில் தன்னைப் பற்றித் தெளிவாகப் பேச வேண்டும். இந்த இரண்டும் ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தானாக வந்துவிடும் என்கிறது எதிரணி.

நடுவர் அவர்களே, எனக்கு அவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான். அந்த இயல்பு எங்கிருந்து வந்தது?

ஒரு வீட்டில் சாப்பிடும்போது அப்பா ஒரு செய்தியைச் சொல்கிறார். “அது எப்படிச் சரியாகும்?” என்று மகள் கேட்கிறாள். “சரி, நீ ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று அம்மா கேட்கிறார். இப்படியே பத்து வருஷம் போகிறது. அந்தப் பெண் நேர்காணல் அறையில் வாதம் செய்தால் நாம் என்ன சொல்கிறோம்? ஆகா, எவ்வளவு இயல்பாகப் பேசுகிறாள்! இன்னொரு வீட்டில் அதே கேள்வியைக் கேட்ட பெண்ணுக்கு “பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே” என்று பதில் வருகிறது. சத்தமாகப் பேசாதே, குறுக்கே பேசாதே, தெரிந்தாலும் முந்திக்கொள்ளாதே. அவளுக்கும் பத்து வருஷம். அவள் அந்த அறையில் தலையைக் குனிந்துகொண்டால், கூச்ச சுபாவம் என்று எழுதிவிடுகிறோம். எதிரணி இயல்பு என்று சொல்வது, முதல் பெண்ணுக்கு வீட்டிலேயே நடந்து முடிந்துவிட்ட தயாரிப்பு. இரண்டாவது பெண்ணுக்கும் தயாரிப்பு நடந்திருக்கிறது, பேசாமல் இருப்பதற்கு. அவளிடம் போய் “நீ நீயாக இரு, போதும்” என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? பேசாமல் இருப்பாள். அதைத்தானே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்?

தயாரிப்பு என்பது காசுள்ளவர்களின் சொகுசு என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். பயிற்சி நிலையங்கள் கட்டணம் வாங்குகின்றன என்று கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் நானும் பங்கு கேட்கிறேன். ஆனால் தயாரிப்பே கூடாது என்று சொல்லிவிட்டால் யாருக்கு லாபம்? மேலே சொன்ன முதல் பெண்ணுக்குத்தான். அவளுக்கு இனிமேல் தயாரிப்பே தேவையில்லை. நான் சொல்லும் தயாரிப்புக்குச் செலவும் இல்லை. ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, பேனாவை ஓட்டும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் பைத்தியம் மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். உங்கள் பாடம் தெரியாத ஒருவரை, பாட்டியானாலும் சரி, பக்கத்தில் உட்கார வைத்து “ஏன்?” என்று மட்டும் விடாமல் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது “ஏன்” வரும்போது நமக்கு என்ன தெரியாது என்பது நமக்கே தெரிந்துவிடும். கேள்வி புரியாவிட்டால் “இன்னொரு முறை சொல்ல முடியுமா?” என்று கேட்கவும், “ஒரு நிமிடம் யோசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே யோசிக்கவும் பழகுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்வதற்கே நம் பெண்களில் பலருக்கு ஒத்திகை தேவைப்படுகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எதிரணி எப்படியும் கேட்கும். விண்ணப்பக் கட்டுரையில் ஒரு புத்தகத்தைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தேன். பாதிதான் படித்திருந்தேன். நேர்காணல் நடத்திய அம்மையார் மிகவும் அன்பாக, “கடைசி அத்தியாயத்தில் அவர் தன் கருத்தையே மாற்றிக்கொள்கிறாரே, உங்களுக்கு அது சம்மதமா?” என்று கேட்டார். நான் எவ்வளவோ இயல்பாகத்தான் இருந்தேன் ஐயா. இயல்பாக வியர்த்தது. இயல்பாக நாக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே எனக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த விண்ணப்பத்தில், எழுதிய ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் “இதைக் கேட்டால்?” என்று பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டேன். பதில் இல்லாத வரிகளை அடித்தேன். கட்டுரை பாதியாகச் சுருங்கியது. ஒரே படிவத்தில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் அமெரிக்கப் பொது விண்ணப்பத்தின் கட்டுரைக்கு உச்சவரம்பு 650 சொற்கள். அதில் ஒரு பொய்யை வைத்தால் கேள்வி சரியாக அந்த இடத்துக்குத்தான் வரும். எப்படியோ வந்துவிடுகிறது.

இப்போது பெண்கள் கல்லூரிக்கே உரிய கேள்விக்கு வருகிறேன். “ஏன் பெண்கள் கல்லூரி?” இதற்கு “பாதுகாப்பாக இருக்கும்”, “கவனம் சிதறாது” என்று பதில் சொல்லும் பெண்கள் நிறைய. அது பெற்றோரின் பதில். உங்களுடையது எங்கே?

1890-ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வு முடிவுகளைச் சபையில் வாசிக்கிறார்கள். முதலில் ஆண்களின் வரிசை. முதலிடம் வந்தவருக்கு சீனியர் ராங்லர் என்று பெயர், ஆரவாரம். அதன் பிறகு பெண்கள். பெண்களுக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. இன்னாருக்கு மேலே, இன்னாருக்குக் கீழே என்று மட்டும் சொல்வார்கள். நியூனம் கல்லூரியின் ஃபிலிப்பா ஃபாசெட் பெயர் வந்தபோது வாசித்தது: “சீனியர் ராங்லருக்கு மேலே.” முதலிடத்துக்கும் மேலே ஓர் இடம்! ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. 1897-இல் பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் போல ஓர் உருவபொம்மையைத் தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள், தீர்மானமும் தோற்றது. 1921-இல் மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி தோல்வி. அந்த மகிழ்ச்சியில் மாணவர்கள் போய் நியூனம் கல்லூரியின் வாயிற்கதவை உடைத்தார்கள். ஒருவழியாக 1948-இல்தான் பட்டம் வந்தது. ஃபிலிப்பா இறந்ததும் அதே ஆண்டு.

இதைத் தெரிந்துகொண்டு போகும் பெண், ஏன் பெண்கள் கல்லூரி என்ற கேள்விக்குப் “பாதுகாப்பு” என்று சொல்லி நிறுத்திக்கொள்ள மாட்டாள். அன்றைக்கு வாசல் மூடியிருந்ததால் தனி வாசல் கட்டினார்கள், இன்று எல்லா வாசலும் திறந்திருக்கும்போது இது எதற்கு என்று அவளே தனக்குள் சண்டை போட்டிருப்பாள். வேண்டும் என்பாளோ, ஒரு சந்தேகத்தோடு வருகிறேன் என்பாளோ, எதுவானாலும் அது அவள் சமைத்த சோறு. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஃபிலிப்பா மேதைதானே? எதிரணி மொழியில் இயல்பாகவே கணக்கு வந்தவர். அவரும் ஹாப்சன் என்ற கணித அறிஞரிடம் பயிற்சி பெற்றுத்தான் தேர்வுக்குப் போனார்.

கேம்பிரிட்ஜில் கல்லூரியின் பெயரைக் குறிப்பிடாமலும் விண்ணப்பிக்கலாம். அப்படிச் செய்தால் பல்கலைக்கழகமே ஒரு கல்லூரியை ஒதுக்கும். பெண்ணாக இருந்தால் அது பெண்கள் கல்லூரியாகவும் இருக்கலாம். இதைப் படிக்காமல் விண்ணப்பித்துவிட்டு, அழைப்பு வந்த பிறகு “நான் இதைக் கேட்கவே இல்லையே” என்று முகம் வாடுவதும் இயல்பில் சேருமா? அமெரிக்காவில் எர்லி டிசிஷன் என்று ஒன்று உண்டு. அதில் இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும் என்ற கட்டு இருக்கிறது. அதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிக்க வேண்டும்.

கடைசியில் அவர்கள் “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டு எழுந்து வராதீர்கள். விடுதி எப்படி என்று கேட்டால் தப்பில்லை, அது இணையத்தளத்திலேயே இருக்கும். அமெரிக்காவின் வெல்லஸ்லி பெண்கள் கல்லூரி மாணவிகள் எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய் வகுப்பில் சேர்ந்து படிக்கலாம் என்று தெரிந்தவள், “அங்கே போனால் வகுப்பில் என்ன வித்தியாசம் தெரிந்தது?” என்று முன்னாள் மாணவியிடம் கேட்பாள். ஸ்மித் கல்லூரி 1999-இலேயே பொறியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது என்று தெரிந்தவள், அதில் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்பாள். எதிரே இருப்பவரின் முகம் மலர்வது அந்த நிமிடத்தில்தான். அதற்குத் தேவைப்படுவது முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். தயாரிப்பு வேண்டாம், இயல்பே போதும் என்று இத்தனை நேரம் பேசிய எதிரணித் தலைவர் கையில் நான்கு துண்டுச் சீட்டுகள் இருக்கின்றன. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பழமொழி இரண்டாவது சீட்டில் இருந்தது, நானே பார்த்தேன். அவர் தொகுத்துப் பேச வரும்போது அந்தச் சீட்டுகளைத் தங்கள் மேசையில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.