ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: யூக்கான் நதி பற்றி ஓர் உரை

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நூலகக் குழுச் செயலாளர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மருத்துவர் ஐயா அவர்களே, கொட்டும் பனியிலும் வந்து கூடியிருக்கும் ரொறன்ரோத் தமிழ் மக்களே, வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பதினைந்தே நிமிடம் என்று தலைவர் காதோடு சொல்லிவிட்டார். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது பேச்சுக்கும் பொருந்தும்தானே!

யூக்கான் நதியின் பிறப்பு, பயன், பறவைகள் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

கனடாவின் மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகோடி ஏரிகளில் பிறக்கிறது. பசிபிக் கடல் மலைக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் அங்கே இறங்காமல் வடக்கே திரும்பி, அலாஸ்காவைக் குறுக்கே கடந்து, 3,190 கிலோமீட்டர் ஓடிப் பெரிங் கடலில் விழுகிறது.

சரி, பயன். 1896இல் யூக்கானோடு சேரும் க்ளோண்டைக் ஆற்றுப் பக்கம் தங்கம் கிடைத்தது. அடுத்த குளிர்காலம், அங்கே போகும் வழியில் அலாஸ்கா எல்லையிலுள்ள சில்கூட் மலைக் கணவாயில் மனித வரிசை. பனியில் வெட்டிய 1,500 படிகள். உச்சியில் கனடியக் காவலர்கள்: ஓராண்டுச் சாப்பாட்டுச் சாமான் இல்லாதவன் உள்ளே வரக் கூடாது! மாவு, பன்றி இறைச்சி, கூடாரம், கருவி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய ஒரு டன். ஒரு மூட்டையை மேலே வைத்துவிட்டு இறங்கி அடுத்த மூட்டை. இப்படியே மாதக்கணக்கில். அப்புறம், யூக்கான் நதிவழி போக, அதன் தலைப்பிலுள்ள பென்னட் ஏரிக்கரையில் மரம் அறுத்துப் படகு கட்ட வேண்டும். ரம்பத்தின் மேல்முனை ஒருவன் கையில். கீழ்முனையைப் பிடித்தவன் கண்ணில் மரத்தூள். உயிர் நண்பர்கள் அங்கேதான் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். 1898 மே கடைசியில் பனி உடைந்ததும் சுமார் 7,000 படகுகள் கிளம்பின. வைட்ஹார்ஸ் என்ற இடத்தில் ஆற்றுச் சுழிகளில் படகுகள் நொறுங்கின, ஆட்கள் மூழ்கினார்கள். காவல் அதிகாரி சாம் ஸ்டீல், பெண்களும் குழந்தைகளும் கரையோடு நடக்க வேண்டும், மீறினால் நூறு டாலர் அபராதம் என்றார். இவ்வளவும் பட்டுத் தங்க வயல் ஊரான டாசன் போய்ச் சேர்ந்தால், நல்ல நிலம் முழுவதற்கும் முந்தி வந்தவர்கள் உரிமை முளை அடித்தாயிற்று!

அந்தச் சுழிகள் இன்று இல்லை. 1958இல் எழுந்த மின் அணையின் தேக்கத்துக்கு அடியில் கிடக்கின்றன. என் வழக்கு அந்த அணையிடம்தான். கடலிலிருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், ஆற்றில் இரையே எடுக்காமல் முட்டையிட நீந்தி வரும் சினூக் சால்மன் மீனுக்கு அங்கே, நீர் ஓடும் படிப்படியான 366 மீட்டர் நீள மர ஏணி கட்டியிருக்கிறார்கள். கண்ணாடி வழியே பார்க்கலாம்: சிவப்பேறிய உடல், கிழிந்த துடுப்பு. ஏறுவதற்கு ஏணி உண்டு. கடலுக்கு இறங்கும் குஞ்சுகளோ பல, மின்சாரம் எடுக்கும் விசைச்சுழலிக்குள் போய்ச் சாகின்றன.

கனடாவும் அலாஸ்காவும் 2024இல் சினூக் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்தின. அலாஸ்காவிலிருந்து கனடா எல்லை கடக்க வேண்டிய மீன் ஆண்டுக்கு 71,000 என்பது இலக்கு. அந்த ஆண்டு பாதிகூட வரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள். ஆற்றிலிருந்து எடுத்தவர்கள் அளந்தார்களா? இலக்கு எட்டும்வரை தடை நீள வேண்டும், குஞ்சுகள் இறங்க அணையில் தனி வழி வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது.

தலைவர் மணி அடிக்கிறார். பறவைகள் அடுத்த கூட்டத்துக்கு. கையெழுத்து மட்டும் இன்றைக்கே.