செகண்ட்ஹேண்ட் ஹிமாலயன் 411: காசு கொடுக்கறதுக்கு முன்னாடியும் டூர் கிளம்பறதுக்கு முன்னாடியும்

வணக்கம் மக்களே. பின்னாடி நிக்கிறது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, ஏபிஎஸ் (பிரேக் அழுத்தினா வீல் லாக் ஆகாம தடுக்கறது) வந்த பிஎஸ்4 வண்டி. பிஎஸ்4, பிஎஸ்6ங்கறது புகை அளவுக்கான அரசு விதி. புது ஹிமாலயன் 450 வந்ததுக்கப்புறம் இந்த 411 மார்க்கெட்டுல நிறைய சுத்துது. டூரிங் ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல வண்டிதான். ஆனா ஓடோமீட்டர்ல 18,000னு பாத்துட்டு உடனே அட்வான்ஸ் கொடுக்காதீங்க. ஒழுங்கா பராமரிச்ச 50,000 கிலோமீட்டர் வண்டி, ரெண்டு வருஷம் மழையில நின்ன 15,000 கிலோமீட்டர் வண்டியவிட எவ்வளவோ மேல்.

முதல்ல எந்த வருஷ வண்டின்னு தெரிஞ்சுக்கோங்க. 2016ல வந்தது கார்புரேட்டர் வண்டி. முதல் பேட்ச்ல புகார் நிறைய வந்துச்சு, ஃப்ரேம் கிராக் உட்பட. விலை கம்மியா கிடைக்கும், ஆனா முதல் டூரிங் வண்டியா நான் சொல்ல மாட்டேன். 2017ல பிஎஸ்4, எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா பெட்ரோல அளந்து தெளிக்கற எலக்ட்ரானிக் சிஸ்டம்) வந்துச்சு. 2018 கடைசியில டூயல் சேனல் ஏபிஎஸ், அதாவது ரெண்டு வீலுக்கும். 2020ல பிஎஸ்6, அதுல பின்பக்க ஏபிஎஸ்ஸ ஆஃப் பண்ற ஸ்விட்ச் உண்டு. 2021ல டிரிப்பர் மீட்டர் வந்துச்சு, அது வழி காட்டற சின்ன ஸ்க்ரீன். என்னைக் கேட்டா ஏபிஎஸ் இருக்கற பிஎஸ்4, இல்ல பிஎஸ்6, ரெண்டுல ஒண்ணு எடுங்க.

வண்டி பாக்கப் போறப்ப, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் இஞ்சின்ல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம், இல்லன்னா அவருக்கு நீங்க சொன்னது புரியல. ரெண்டுல எதுவா இருந்தாலும் ஆறினதுக்கப்புறம்தான் பாக்கணும். சாவி போட்டதும் இஞ்சின் லைட்டு, ஏபிஎஸ் லைட்டு ரெண்டும் எரியணும். இஞ்சின் லைட்டு ஸ்டார்ட் ஆனதும் அணையணும், ஏபிஎஸ் லைட்டு வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணையணும். எரியவே இல்லன்னா லைட்டயே பிடுங்கியிருக்காங்க. ஸ்டார்ட் பண்ண உடனே நீலப்புகை வந்து அப்புறம் நின்னா வால்வ் சீல் போச்சு. ஆக்ஸிலரேட்டர் குடுக்கக் குடுக்க வந்துக்கிட்டே இருந்தா ரிங்கு, பிஸ்டன் தேஞ்சிருக்கு. டேப்பெட் சத்தம் (வால்வ் பக்கத்து 'டிக் டிக்') கொஞ்சம் வரும், அதுக்குப் பயப்படாதீங்க, ஸ்க்ரூ வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்.

இப்ப முக்கியமான இடம். கேமராவ கிட்ட கொண்டு வரேன். இந்த வண்டில அதிகமா அடிவாங்கறது ஹேண்டில்பார் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பறதுக்கு உள்ள இருக்கற பேரிங். முன் வீல் 21 இஞ்ச், கல்லு குழின்னு ஏறி இறங்கும், அந்த அடி எல்லாம் மேல கோன் செட்லதான் போய் விழும். போதாததுக்கு வாட்டர் வாஷ்ல ப்ரஷர் தண்ணிய நேரா அடிச்சு உள்ள இருக்கற கிரீஸையும் கழுவி விட்டுடுவாங்க.

மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின்னாடி ஒருத்தர அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. முன் வீல் தரையிலேருந்து தூக்கணும். இப்ப ஃபோர்க்கோட அடிப்பகுதிய ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னாடி பின்னாடி ஆட்டுங்க. இங்க பாருங்க, 'டக்'னு ஒரு சின்ன ஆட்டம் கையில தெரியுது. இது லூஸ், டைட் வச்சா சரியாகலாம். அடுத்து ஹேண்டில ரெண்டே விரலால மெதுவா இடது பக்கத்துலேருந்து வலது பக்கம் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல ஒரு பள்ளத்துல உக்கார்ற மாதிரி நின்னுச்சுன்னா கோன் செட் போச்சு. ஏன் நடுவுலயே நிக்குதுன்னா, வண்டி ஓடறதுல முக்காவாசி நேரம் ஹேண்டில் நேராத்தான் இருக்கு, அடி விழற இடமும் அதே இடம். பேரிங்ல இருக்கற இரும்பு உருண்டை அங்கயே குழி போட்டுடும். இத டைட் வச்சு சரி பண்ண முடியாது. டைட் வைக்க வைக்க 40, 50 வேகத்துல வண்டி பாம்பு மாதிரி நெளியும். முழு செட்டா மாத்தணும். நிறைய பேர் உருண்டைக்குப் பதிலா உருளை வச்ச டேப்பர் ரோலர் பேரிங் போடறாங்க, அது நல்ல வேலை. மாத்தினா 500 கிலோமீட்டர்ல ஒருதடவ திரும்ப டைட் செக் பண்ணுங்க, பேரிங் உக்காந்து கொஞ்சம் லூஸ் விடும்.

அதே இடத்துல, ஹேண்டிலுக்குக் கீழ ஃப்ரேம் வெல்டிங்க டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயிண்ட்ல முடி மாதிரி ஒரு கோடு, அதுல துரு எறங்கியிருந்தா வண்டிய அங்கேயே விட்டுட்டு வாங்க. சேஸிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் ரெண்டையும் ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க. அந்த இடத்துல தேய்ச்சு பெயிண்ட் அடிச்சிருந்தா பேச்சே வேண்டாம்.

வெள்ளத்துல முங்கின வண்டியா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல சென்னையில எவ்வளவு வண்டி தண்ணில நின்னுச்சுன்னு தெரியும்ல. சீட்ட கழட்டி ஒயரிங் கனெக்டர உருவிப் பாருங்க, பச்சையா பூத்திருந்தா, காய்ஞ்ச சேறு இருந்தா வேண்டாம். எஃப்ஐ வண்டில இந்தப் பிரச்சினை ஒரே நாள்ல தீராது, மாசத்துக்கு ஒண்ணா வரும்.

வீலு, டயரு. மெயின் ஸ்டாண்ட்ல பின் வீல சுத்திவிட்டு ரிம் கிட்ட ஒரு விரல வச்சா பெண்டு தெரிஞ்சுடும். ஸ்பேனரால ஒவ்வொரு ஸ்போக்கா தட்டுங்க, டிங்குன்னு கேக்கணும், மொக்கையா கேட்டா லூஸ். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. அஞ்சாறு வருஷம் ஆனதுன்னா டயர் பட்டன் தேயாம எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கல்லாயிருக்கும், ஈர ரோட்டுல வழுக்கும். செயின பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசில பிடிச்சு வெளிய இழுங்க, பல்லுல பாதி தெரிஞ்சா செயின் ஸ்ப்ராக்கெட் மொத்த செட்டும் மாத்தணும். செயின மட்டும் மாத்தினா பழைய பல்லு புதுச் செயினையும் தின்னுடும்.

பேப்பர் வேலை. எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு இன்சூரன்ஸ் பாத்துக்கோங்க, இ-சலான் (டிராஃபிக் அபராதம்) பாக்கியும் தேடிடுங்க. ஆர்சில பேர் மாத்த ஃபார்ம் 29 ரெண்டு காப்பி, ஃபார்ம் 30 ஒண்ணு கையெழுத்து வாங்கணும். ஆர்சில ஹைப்போதிகேஷன் (வண்டி மேல லோன்) இருந்தா பேங்க் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) ஃபார்ம் 35உம் இல்லாம முழுக் காசு கொடுக்காதீங்க. பிஒய் (பாண்டிச்சேரி) நம்பர் வண்டி விலை கம்மியா இருக்கேன்னு தோணும். அத தமிழ்நாட்டுக்கு மாத்த ஃபார்ம் 28 என்ஓசி வாங்கி இங்க திரும்ப டாக்ஸ் கட்டணும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. இன்சூரன்ஸ் பேர் மாத்த 14 நாளைக்குள்ள எழுதிக் குடுங்க. பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததுக்குக் கிடைக்கற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்த கட்டச் சொல்வாங்க. ஏமாத்தறாங்கன்னு சண்டை போடாதீங்க, விதியே அதுதான்.

வாங்கியாச்சு. விலைக்கு மேல 15,000லேருந்து 20,000 தனியா எடுத்து வைங்க. பழைய ஓனர் "போன மாசம்தான் சர்வீஸ்"னு சொல்வாரு. நம்புங்க, ஆனா ஆயில மாத்திடுங்க. 15டபிள்யூ50 கிரேடு, ஜாசோ எம்ஏ2ன்னு (பைக் கிளட்ச்சுக்கு ஏத்த ஆயில்னு அர்த்தம்) டப்பாவுல இருக்கணும். கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும். இஞ்சின அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, வெதுவெதுப்பா இருக்கும்போது வடிச்சு, ஃபில்டரும் ஓ-ரிங்கும் டிரெயின் போல்ட் வாஷரும் புதுசு போடுங்க. கேன மொத்தமா கவுக்காதீங்க. முதல்ல ஒன்றே முக்கால் லிட்டர் ஊத்தி, ரெண்டு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, மெயின் ஸ்டாண்ட்ல சமதரையில வச்சு, இதோ இந்த இஞ்சின் வலது பக்கம் ஆயில் மட்டம் காட்டற கண்ணாடில பாத்துப் பாத்து மீதிய ஊத்துங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா போதும். கூடிப்போச்சுன்னா பிரீதர் (இஞ்சின் காத்து வெளிய போற குழாய்) வழியா ஏர் ஃபில்டர்ல போய் விழும், அப்புறம் பிக்கப் இல்ல, புகை வருதுன்னு மெக்கானிக்கத் தேடி அலைவீங்க.

கூடவே ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள். பிரேக் ஆயில் டாட் 4, ரெண்டு பக்கமும் மாத்தணும். இத எல்லாரும் மறக்கறாங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சும், பழசானா சூட்டுல கொதிச்சு குமிழி வரும், குமிழி வந்தா பெடல் கீழ போகும். பேட்டரிக்கு மல்டிமீட்டர் வைங்க. நிறுத்தி வச்சு 12.6 வோல்ட்டுக்கிட்ட, ஓட விட்டு 3,000 ஆர்பிஎம்ல 13.8க்கு மேல காட்டணும். 13ஐத் தாண்டலன்னா பேட்டரிய மாத்தி பிரயோஜனமில்ல, பேட்டரிய சார்ஜ் பண்ற ரெகுலேட்டர், ஸ்டேட்டர் பாருங்க.

இன்னொரு சின்ன விஷயம். கியர் போட்டதும் இஞ்சின் அணைஞ்சா பதறாதீங்க. சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச்ல சேறு அடைச்சிருக்கும், கழுவி ஸ்ப்ரே அடிச்சா போதும்.

டூருக்கு என்ன எடுத்துட்டுப் போறது? இது டியூப் டயர் வண்டி. ஊர் பஞ்சர் கடையில 21 இஞ்ச் டியூப் கிடைக்காது, அதனால ஒரு முன் டியூப் கட்டாயம். அவசரத்துக்கு அதையே பின்னாடி 17 இஞ்ச்லயும் திணிச்சு அடுத்த ஊர் வரைக்கும் மெதுவா போயிடலாம். பின் டியூப முன்னாடி போட முடியாது. டயர் லீவர் மூணு, பேட்ச், சின்ன பம்ப், ரெண்டு ஆக்ஸில் நட்டுக்கும் சரியான ஸ்பேனர். வண்டியோட வந்த டூல்கிட் போதுமான்னு வீட்லயே ஒருதடவ வீல கழட்டிப் பாத்துடுங்க. கனமான சாமான் சேடில் பேக்ல கீழ, டாப் பாக்ஸ்ல மழைக்கோட்டு மாதிரி லேசானது மட்டும். டாப் பாக்ஸ்ல வெயிட்டு ஏத்தினா முன் வீல் லேசாகி ஹேண்டில் ஆடும்.

டேங்க் 15 லிட்டர். லிட்டருக்கு 30னு வச்சாலும் 350ல பங்க் தேடுங்க. 24.5 எச்பிதான், 85, 90ல சொகுசா போகும், நூறுக்கு மேல விரட்டினா வைப்ரேஷன்ல உங்களுக்கும் சுகமில்ல, நட்டு போல்ட்டுக்கும் சுகமில்ல.

முதல் ஓட்டமே லடாக் வேண்டாம். சென்னைன்னா ஈசிஆர்ல பாண்டிச்சேரி போயிட்டு வாங்க. வந்ததும் ஸ்பேனர் எடுத்து ஆக்ஸில், ரேக், ஹேண்டில் கிளாம்ப், ஸ்ப்ராக்கெட் நட்டு எல்லாம் செக், செயின் டென்ஷனும் பாருங்க. அப்புறம் ஏலகிரி, 14 கொண்டை ஊசி. அதுவும் சரியா இருந்தா கொல்லிமலை, 70 வளைவு. இறங்கும்போது ரெண்டாவது கியர்ல இஞ்சின் பிரேக்ல விடுங்க, பின் பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க. பெடல் மெத்துன்னு ஆச்சுன்னா ஓரமா நிறுத்தி 20 நிமிஷம் ஆற விடுங்க. டிஸ்க்ல தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, வளைஞ்சு போகும்.

அடுத்த வீடியோல இந்த வண்டியோட கோன் செட்ட முழுசா கழட்டி மாத்தறதக் காட்டறேன்.