சிற்றிலைச் சிதைக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மாசிப் பனியையும் பொருட்படுத்தாமல் மஞ்சக்குப்பத்தில் கூடியிருக்கும் கடலூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

குழந்தையின் கற்பனை வளர்வது வாங்கித் தரும் பொருளாலா, விட்டுவைக்கும் பொழுதாலா என்பது இன்றைய தலைப்பு. விட்டுவைக்கும் பொழுதால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். ஐந்து வயது மகனுக்கும் மூன்று வயது மகளுக்கும் தாய் நான். வீட்டில் அன்றாடம் கண்ணால் பார்ப்பதுதான் என் சாட்சியம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா மாண்டிசோரி அம்மையாரைத் துணைக்கு அழைத்தார். “கருவி இல்லாமல் குழந்தை எதை வைத்துச் சிந்திக்கும்? அம்மையார் மரக்கட்டைகளையும் மணிகளையும் பார்த்துப் பார்த்து வடிவமைத்தாரா இல்லையா? 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தாரா இல்லையா?” என்று கேட்டார். தந்தார் ஐயா, மறுக்கவே மாட்டேன். ஆனால் 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் பள்ளியைத் தொடங்கியவர் அவர். அவருடைய முறையில் பிள்ளைகள் தரையைப் பெருக்குவார்கள், தண்ணீர் ஊற்றிப் பழகுவார்கள், பொத்தான் மாட்டுவார்கள். குழந்தை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது பெரியவர்கள் குறுக்கே போகக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். பாவனை விளையாட்டை அவர் அவ்வளவாகப் போற்றியவர் அல்லர் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே அவரை முழுதாக என் பக்கம் இழுத்துக்கொள்ள மாட்டேன். அதே சமயம், அவருடைய கட்டைகளை மட்டும் மேடைக்கு எடுத்து வந்துவிட்டு, குறுக்கிடாதே என்ற கட்டளையை வாசலிலேயே விட்டுவிட்டு வருவது நியாயமா என்று நடுவர் அவர்கள் சொல்லட்டும்.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன்.

தை ஐந்தாம் நாள் நம் பெண்ணையாற்றங்கரையில் ஆற்றுத் திருவிழா நடந்ததல்லவா? ஊர் ஊராகச் சாமிகள் வந்து தீர்த்தவாரி கண்டதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் மகனையும் அழைத்துப் போயிருந்தோம். மறுநாள் காலை என் வீட்டுக் கொல்லையில் இன்னோர் ஆற்றுத் திருவிழா நடந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான், பெண்ணையாறு வந்துவிட்டது. அரிசி புடைக்கும் முறம் பல்லக்கானது. வில்லியனூரில் வாங்கிய சுடுமண் யானை ஒன்று எங்கள் அலமாரியில் இருந்தது. அதுதான் அன்றைக்குச் சாமி. பாட்டியின் கைக்குட்டை சாமிக்குப் பரிவட்டம். இரண்டு தூக்குப் பாத்திர மூடிகள் தாளம். பக்கத்து வீட்டுப் பையன் பல்லக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். என் மகள் கிழங்கு விற்றாள். கிழங்கு இல்லாததால் துணி காயப்போடும் கிளிப்புகளை விற்றாள். எல்லாம் அமைந்தது, கூட்டம்தான் இல்லை. என் மாமியாரை அழைத்து வந்து திண்ணையில் நிறுத்தி, “பாட்டி, நீங்கள்தான் கூட்டம். நன்றாக முண்டியடியுங்கள்” என்றான். அறுபத்தெட்டு வயதில் அத்தை தனியொருவராக முண்டியடித்தார், ஐயா! எட்டி எட்டிச் சாமி பார்த்தார்.

தீர்த்தவாரி முடிந்ததும் யானையைத் தண்ணீரிலிருந்து எடுத்தான். சட்டை நுனியால் அதன் தலையை அழுத்தித் துவட்டினான். காதுக்குப் பின்னால், துதிக்கையின் மடிப்பில், காலிடுக்கில் எல்லாம் துவட்டினான். ஏன் என்று கேட்டேன். “நேற்று அந்தச் சாமிகளுக்கு யாருமே தலை துவட்டிவிடவில்லை அம்மா. ஈரத்தோடு அவ்வளவு தூரம் போனால் சளி பிடிக்காதா?” என்றான். கரையில் ஆயிரக்கணக்கான பெரியவர்கள் நின்றோம். சாமியிடம் கேட்பதற்கு எல்லோரிடமும் ஏதோ ஒன்று இருந்தது. சாமிக்குக் குளிருமே என்று கவலைப்பட ஒரு குழந்தை வேண்டியிருந்தது.

யானை கடையில் வாங்கியதுதானே என்று எதிரணியினர் குறித்துக்கொள்வது தெரிகிறது. ஆமாம், காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனால் முறத்தைப் பல்லக்காக எந்தக் கடைக்காரர் விற்றார்? தனி ஒரு பாட்டியைக் கூட்டமாக எந்தப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள்? அன்று காலை அவனுக்கு எந்த வேலையும் இல்லாமல் இருந்தது. அதுதான் அந்தத் திருவிழாவுக்கு மூலதனம்.

நடந்ததில் எனக்கு வயிறெரிந்த பகுதி இனிமேல்தான். பல்லக்கு தூக்கிய பக்கத்து வீட்டுப் பையனைப் பாதியில் வந்து அழைத்துப் போனார்கள். ஓவிய வகுப்புக்கு நேரமாகிவிட்டதாம். பல்லக்கை இறக்கி வைக்கக்கூட விடவில்லை. அவன் முனை சரிந்து சாமி சேற்றில் விழுந்தது. மாலையில் அந்தப் பிள்ளை தன் தாளைக் கொண்டு வந்து காட்டினான். ஏற்கெனவே அச்சடித்திருந்த திருவிழாப் படம். கோடு தாண்டாமல் வண்ணம் அடிக்க வேண்டும் என்பது பாடம். கொல்லையில் திருவிழாவையே நடத்திக்கொண்டிருந்தவனைத் தூக்கிக்கொண்டு போய், யாரோ வரைந்த திருவிழாவுக்குச் சிவப்பு அடிக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பெற்றோர் பிள்ளைமேல் அன்பு இல்லாதவர்கள் அல்லர், உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வரைவதைப் பற்றியும் ஒரு சொல். மூன்று நான்கு வயதில் உலகம் முழுவதும் பிள்ளைகள் மனிதரை ஒரே மாதிரிதான் வரையத் தொடங்குகிறார்கள்: ஒரு வட்டத் தலை, அதிலிருந்தே நேராக இரண்டு கால்கள். உடம்பு கிடையாது. தலைப்பிரட்டை மனிதர் என்றே ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் மகளும் என்னை அப்படித்தான் வரைந்தாள். சுண்ணக்கட்டியால், சமையலறைத் தரையில். பெரிய கண், பெரிய பொட்டு, இரண்டு கால். “அம்மாவுக்குக் கை எங்கே, பாப்பா?” என்றேன். “கை மாவுக்குள்ளே இருக்கிறது” என்றாள். அப்போது நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்! உடனே உட்கார்ந்து ‘கை இப்படிப் போட வேண்டும்’ என்று நான் திருத்தியிருந்தால், அவள் பார்த்ததை அழித்துவிட்டு என்னுடையதை எழுதியிருப்பேன்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, “இதெல்லாம் அந்தக் காலத்துக்குச் சரி” என்றார். அந்தக் காலத்துக்கே போவோம். நம் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிறுபறைக்குப் பறையும் சிறுதேருக்குத் தேரும் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சிற்றிலுக்கு மணல் போதும். அந்தப் பருவத்தில் சிறுமியர் தெருமணலில் சிறு வீடு கட்டி விளையாடுகிறார்கள். அங்கே வருகிற பாட்டுடைத் தலைவனிடம் அவர்கள் என்ன கேட்கிறார்கள்? பொன் கேட்டார்களா, பொம்மை கேட்டார்களா? எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று மட்டுமே கேட்கிறார்கள். வேண்டுகோள் அவ்வளவுதான்! பல நூற்றாண்டுகளாக நம் புலவர்கள் குழந்தைகள் சார்பில் வைத்த அந்த மனுவையே நான் இன்று நடுவர் முன் வைக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கடலூர் மேடையில் இதைச் சொல்லாமல் இறங்க முடியாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்ததை மறந்தவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அங்கேதான் என் அக்கா வீடு. பல நாள் மின்சாரம் இல்லை. நான் போனபோது பெரியவர்கள் விழுந்த மரத்தையே பார்த்துக்கொண்டு பேச்சற்று இருந்தார்கள். பிள்ளைகள் முற்றத்தில் புயல் விளையாட்டு விளையாடினார்கள். ஒருவன் காற்று, ஊளையிட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். நான்கு பேர் ஒரு போர்வையைக் கூரையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வந்து மோதினால் கூரையை விடக் கூடாது. அக்காவின் சின்ன மகள் “போதும்” என்று சொன்னால் காற்று அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். நின்றதும் எல்லோரிடமும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும், ஏனென்றால் அவ்வளவு நேரம் ஓடிய காற்றுக்குத் தாகம் எடுத்திருக்குமாம்! முந்தின இரவுகளில் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக் கிடந்த குழந்தை அவள். காற்றை அடக்கும் சொல்லைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். அடங்கிய காற்றுக்குத் தண்ணீரும் கொடுத்தாள். இந்த விதிகளை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பெரியவர்கள் தங்கள் துயரத்தில் அவர்களைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் அவர்களே பயத்துக்கு ஒரு மருந்து செய்துகொண்டார்கள்.

எதிரணிச் சகோதரி ஒரு நல்ல கேள்வி கேட்டார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வண்ணக்கோலும் படப்புத்தகமும் வேண்டாமா என்றார். வேண்டும். 1975இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் ஊருக்கு ஊர் அங்கன்வாடிகள் நடக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவை நிறைய இருக்க வேண்டும் என்று கேட்க நானும் அவரோடு வருவேன். அது நீதி. ஆனால் வண்ணக்கோல் கொடுத்த கையே மணி பார்த்துப் பிடுங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கும் பயன் இல்லை. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. நாம் மிச்சப்படுத்திப் போடும் சலுகை அல்ல அது, அவர்களுக்கே சொந்தமான பொழுது.

சும்மா விட்டால் கைப்பேசியைத்தான் எடுப்பான் என்றும் சொன்னார்கள். கைப்பேசி யார் வாங்கித் தந்த பொருள், நடுவர் அவர்களே? அது அவர்கள் அணியில் அல்லவா இருக்க வேண்டும்! இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரையை எடுத்துவிட்டால் முதலில் கொஞ்சம் சிணுங்குவான், சலிப்பாக இருக்கிறது என்பான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய் எதையும் நீட்டாதீர்கள். அந்தச் சலிப்பு முற்றிய பிறகுதான் முறம் அவன் கண்ணில் படும்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். எதிரணித் தலைவர் பேசிக்கொண்டிருந்தபோது பந்தலின் ஓரத்தில் ஒரு சிறுமியைப் பார்த்தேன். காலித் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை வாயருகே பிடித்துக்கொண்டு, அடுக்கி வைத்த நாற்காலிகளைப் பார்த்து “நடுவர் அவர்களே!” என்று முழங்கிக்கொண்டிருந்தாள். அதோ, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளையும் என் அணியில் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன். நன்றி, வணக்கம்.