பத்தாம் நாளுக்குப் பிறகு

(தேவிபட்டினத்தில் இளம் எழுத்தாளர்களுக்காக நடந்த பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் அவர்களே, இந்த வெயிலிலும் ஏர்வாடியிலிருந்தும் தொண்டியிலிருந்தும் பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'ஒரே மாதத்தில் நாவல்: உற்சாகம் குறையாமல் எழுதுவது எப்படி?' அழைப்பிதழில் அச்சாகிவிட்டதால் மாற்ற வழியில்லை. வழியிருந்தால் 'உற்சாகம் குறைந்த பிறகு எழுதுவது எப்படி?' என்று வைத்திருப்பேன். அது குறையத்தான் போகிறது. முதல் வாரத்தில் என் பேச்சு யாருக்கும் தேவைப்படாது. புது நோட்டு இருக்கிறது, நாயகிக்குப் பெயர் வைத்த சந்தோஷம் இருக்கிறது, கதை தானாக ஓடும். பத்தாம் நாள் வாக்கில் ஒரு காலைப்பொழுதில் எழுதியதை எடுத்துப் பார்ப்பீர்கள். "இதை எவன் படிப்பான்?" என்று தோன்றும். இந்த மாவட்டத்தில் எழுதப்படாமல் போன நாவல்களில் பெரும்பகுதி அந்தக் காலைப்பொழுதில் செத்தவை என்பது என் கணிப்பு. நான் பேச வந்தது அந்தப் பத்தாம் நாளைப் பற்றித்தான்.

அதற்கு முன், இந்த ஒரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ பகுதியில், கிறிஸ் பேட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு விளையாட்டுப் போலத் தொடங்கியது. முதல் ஆண்டு 21 பேர். முப்பது நாளில் 50,000 சொற்கள், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,667. பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. முதலில் ஜூலையில் நடத்தினார்கள். மறு ஆண்டே நவம்பருக்கு மாற்றிவிட்டார்கள். நவம்பரில் அங்கே வானிலை படுமோசம், எப்படியும் வீட்டுக்குள் அடைந்து கிடக்கப் போகிறோம், எழுதுவோம் என்பதுதான் காரணம். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டுவிட்டது. பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்கு எந்த அமைப்பின் அனுமதியும் வேண்டியதில்லை.

ஆனால் அவர்களுடைய நவம்பரை நாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. நமக்கு நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. வானம் பார்த்த பூமியில் ஆண்டு முழுவதற்குமான நெல் அந்த மாதம் வயலில் நிற்கும். களையெடுப்பு இருக்கும், கண்மாயைப் பார்க்கப் போக வேண்டியிருக்கும், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும், மின்சாரம் போகும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை நவம்பரில் நாவல் எழுத உட்கார்ந்தால் வீட்டில் சோறு கிடைக்காது. கடற்கரைக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நேரம் இருக்கிறதே என்று வெளியூர்க்காரர் நினைப்பார். வலை கட்டுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் கூலி வேலை தேடி வெளியூர் போவதும் அந்த 61 நாளில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே மாதத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். பங்குனியாக இருக்கட்டும், தையாக இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கல்யாணம், கோயில் கொடை, கந்தூரி, செமஸ்டர் தேர்வு எதுவும் குறுக்கே வராத முப்பது நாள் வேண்டும். அப்படி ஒரு முப்பது நாள் கிடைக்காதவர்கள் நாற்பத்தைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

எண்ணிக்கையும் அப்படித்தான். 50,000 என்பது ஆங்கிலக் கணக்கு. 'பார்க்கமுடியாதவர்களிடமிருந்து' என்று நாம் ஒரே மூச்சில் ஒட்டி எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொற்கள் செலவாகும். தமிழில் எழுதுகிறவர் நாளுக்கு ஆயிரம் என்று வைத்துக்கொண்டால் போதும். மாத முடிவில் முப்பதாயிரம் சொல். அது கௌரவமான ஒரு சிறு நாவல்.

சரி, பத்தாம் நாள்.

சாயல்குடி, நரிப்பையூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது வந்திருக்கிறீர்களா? கை தூக்குங்கள். பின்வரிசையில் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள், நல்லது. பனையேறிகள் பாளை சீவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாளை வந்தவுடன் பதநீர் வந்துவிடுவதில்லை. முதலில் பாளையைக் கட்டி, கடிப்பு என்ற கருவியால் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். அந்த நாட்களில் மனிதர் ஏறுகிறார், இறங்குகிறார், கலயத்தில் ஒரு சொட்டு இருக்காது. பிறகு சீவத் தொடங்குகிறார். தாள் போல மெல்லிய சீவல். அவசரப்பட்டுத் தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். காலையும் மாலையும் ஏற வேண்டும். ஏறாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு அடைத்துக்கொள்ளும். இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. மாலையில் ஏறுகிறவர் கலயத்தில் இருப்பதை ஊற்றிக்கொண்டு அப்படியே இறங்கிவிடுவதில்லை. பாளையை மறுபடி சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டுத்தான் இறங்குகிறார். காலைப் பதநீருக்கான வேலை முந்தின மாலையிலேயே முடிந்துவிடுகிறது.

நாவல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. உள்ளே இருப்பதை முழுக்க வடித்துவிட்டு, "இன்றைக்கு மூவாயிரம் சொல்!" என்று எழுந்துபோகிறார்கள். மறுநாள் வெறும் தாளின் முன்னால் உட்கார்ந்து உற்சாகம் வரவில்லை என்கிறார்கள். எங்கிருந்து வரும்? ஆயிரம் சொல் ஆனதும், காட்சி இன்னும் மீதமிருக்கும்போதே நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் மறுநாளின் முதல் வாக்கியத்தை எழுதி வையுங்கள். அரை வாக்கியம் என்றாலும் சரி: "கதவைத் திறந்தபோது அங்கே நின்றது..." அவ்வளவுதான். மறுநாள் நீங்கள் நாவல் எழுத உட்காரவில்லை, பாதியில் நிற்கிற ஒரு வாக்கியத்தை முடிக்க உட்காருகிறீர்கள். அதற்குப் பெரிய உற்சாகம் தேவையில்லை.

நேரத்தைக் கட்டிப்போட்டு எழுதியவர் என்றால் எனக்கு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலோப்பைத்தான் சொல்லத் தோன்றும். தபால் துறையில் வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கைக்கடிகாரம் பரவாத காலம். எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று எழுதினார். தன்னை எழுப்பி விடுவதற்காகவே வேலைக்காரருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். இதைத் தன் வரலாற்றில் அவரே எழுதிவைக்க, 'இது என்ன குமாஸ்தா வேலையா?' என்று இலக்கியவாதிகள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த ஐந்து பவுண்டுதான் பிடித்திருக்கிறது. தன் மன உறுதியை நம்பாமல் இன்னொருவருக்குக் காசு கொடுத்து எழுப்பச் சொன்னாரே, அவர் தன்னை நன்றாக அறிந்தவர்.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் கதை இன்னும் கடுமையானது. கடன் தொல்லையில் ஒரு பதிப்பாளரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். 1866 நவம்பர் முதல் தேதிக்குள் புது நாவல் ஒன்றைத் தராவிட்டால், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் பணம் கொடுக்காமலே வெளியிட்டுக்கொள்ளும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். அக்டோபர் பிறந்தும் ஒரு பக்கம் எழுதவில்லை. நண்பர்கள் ஆளுக்கொரு பகுதி எழுதித் தருகிறோம் என்றார்கள், மறுத்துவிட்டார். கடைசியில் சுருக்கெழுத்துப் படித்த இருபது வயதுப் பெண் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். பெயர் அன்னா. அவர் தினமும் பகலில் வருவார், இவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார், வீட்டுக்குப் போய்ப் படியெடுத்து மறுநாள் கொண்டுவருவார். 26 நாளில் 'சூதாடி' முடிந்தது. கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. ஏமாற்றுகிறார் என்று புரிந்துகொண்டு, கையெழுத்துப் பிரதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். அடுத்த ஆண்டு அன்னாவையே திருமணம் செய்துகொண்டார் என்பது தனிக் கதை. இளைஞர்கள் சிரிப்பதிலிருந்து அந்தப் பகுதி மட்டும் மனதில் பதிந்துவிட்டது என்று தெரிகிறது.

கெடுவின் பயம்தான் அவரை எழுதவைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பயம் அக்டோபருக்கு முன்பும் இருந்தது, எழுதவில்லையே. பகலில் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார், அவரிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் நாவல் நகர்ந்தது. உங்களுக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும், ஒருவர் போதும். வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் "நாவல் எழுதத் தொடங்கிவிட்டேன்" என்று போடாதீர்கள். நூறு பேர் வாழ்த்துவார்கள், எழுதி முடித்த திருப்தி அன்றைக்கே கிடைத்துவிடும், பிறகு எதற்கு எழுதுவது? வாழ்த்தத் தெரியாத ஒருவரைப் பிடியுங்கள். தங்கையாக இருக்கலாம், டீக்கடையில் பழக்கமான அண்ணனாக இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு "இன்றைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்க வேண்டும். கதையைக் கேட்கக் கூடாது. படிக்கவும் கொடுக்காதீர்கள். எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது, நம் கரைக்கே உரிய ஒரு வியாதி. இங்கே நாவல் எழுத வருகிறவர் யாராக இருந்தாலும் தனுஷ்கோடிப் புயலைத் தொடாமல் போவதில்லை. தவறில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அந்தக் கடல் செய்ததை எத்தனை பேர் எழுதினாலும் தீராது. ஆனால் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அருமையாகத் தொடங்கினார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு அந்த இரவு புறப்பட்ட 653-ஆம் எண் ரயிலில் அவருடைய நாயகியின் அண்ணன் ஏறுகிறான். எத்தனையாவது பெட்டியில் ஏறினான் என்று எழுத வேண்டும். மொத்தம் எத்தனை பெட்டி? தேடப் போனார். பழைய செய்தித்தாள், ரயில்வே ஆவணம், ராமேஸ்வரத்துப் பெரியவர்கள் என்று அலைந்தார். அண்ணன் இன்றுவரை நடைமேடையில்தான் நிற்கிறான்.

எழுதும் மாதத்தில் தேடாதீர்கள். தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். 1910-இல் நடக்கும் கதையில் உங்கள் பாத்திரம் ரயிலேறிப் பாம்பனைக் கடந்துவிட்டதா? கடக்கட்டும். பாலம் 1914-இல்தான் திறந்தது என்பதைத் திருத்தும்போது பார்த்துக்கொள்ளலாம், அப்போது அவனைப் படகில் ஏற்றிவிடலாம். எழுத்துப்பிழையும் அப்படியே. கைபேசியில் பேசிப் பேசித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு 'கரை'யெல்லாம் 'கறை'யாகத்தான் விழும். கிடக்கட்டும். முந்தின நாள் எழுதியதில் கடைசிப் பத்தியைத் தவிர எதையும் திரும்பப் படிக்காதீர்கள் என்பது என் கண்டிப்பான யோசனை. பத்தாம் நாள் காலை நாவலைக் கொல்வது பெரும்பாலும் ஒன்பது நாள் எழுத்தை ஒரேயடியாகப் படித்ததுதான்.

கதையே நின்றுவிட்டால்? நிற்கும். அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். முள்ளிமுனையில் ஒரு வீடு. கடலுக்குப் போன கணவனை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. மனைவி திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கிறாள். எட்டுப் பக்கம் யோசிக்கிறாள். ஒன்பதாம் பக்கத்தில் அவளுக்கும் சலிப்பு, உங்களுக்கும் சலிப்பு. உடனே 'எனக்கு உற்சாகம் போய்விட்டது' என்று முடிவு கட்டுகிறீர்கள். போனது உற்சாகம் இல்லை. அந்தத் திண்ணைக்கு யாரும் வரவில்லை, அவ்வளவுதான். வட்டிக்குக் கொடுத்தவரை அனுப்புங்கள். ஆறுதல் சொல்வதுபோல வந்து உட்காருகிறார், தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார், அசலைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் வீட்டு மூலையில் கிடக்கும் புது நண்டு வலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து மகள் நண்டு கம்பெனியிலிருந்து பாதி நாளில் திரும்பி வருகிறாள், வேலை இல்லை என்று. இப்போது அவள் யோசிக்க முடியாது, பேசியாக வேண்டும். ஐநூறு சொல் உங்களைக் கேட்காமலே வரும். அதுவும் வரவில்லையா? அந்த அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டு, நீங்கள் எழுத ஆசைப்பட்டு இந்த நாவலைத் தொடங்கினீர்களே, அந்தக் காட்சிக்குத் தாவுங்கள். கணவன் திரும்பி வருகிற நாளை இன்றே எழுதிவிடுங்கள். வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரண்டாயிரம் எழுதி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஆயிரமே எழுதுங்கள். கணக்கில் விழுந்த பள்ளத்தை மாதக் கடைசியில் பார்க்கலாம். முப்பதாம் நாள் வந்ததும் எழுதியதை மூடி வைத்துவிட்டு, குறைந்தது மூன்று வாரம் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிறகுதான் நட்சத்திரக் குறிகள், பெட்டி எண்ணிக்கை, பாலம் எல்லாம்.

பேச்சு தொடங்கும் முன்பே ஒரு தங்கை சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். காலையில் கம்பெனி வேலை, மாலையில் வீட்டு வேலை, டிரோலோப்பைப் போல எழுப்பிவிட யாரும் இல்லை, எப்போது எழுதுவது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. டிரோலோப்பின் வீட்டில் சோறு ஆக்கியது யார் என்று அவர் தன் வரலாற்றில் கணக்குச் சொல்லவில்லை. அம்மா, உங்களுக்கு ஆயிரம் வேண்டாம், முந்நூறு போதும். அதைக் கம்பெனி வேனில் போகிற நேரத்தில் கைபேசியில் எழுதுங்கள். மாதத்தில் ஒன்பதாயிரம் வரும், நான்கு மாதத்தில் நாவல் வரும். ஒரே மாதம் என்பது அவகாசம் உள்ளவர்கள் போட்ட விதி. அதை உடைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். ஆசிரியர் அவர்கள் இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார், கேள்விகளைக் கேளுங்கள். முதலில் பின்வரிசை.