299 ரூபாய்க்கு என் கனவு

வணக்கம் மக்களே. இன்னிக்குக் காபிகூட போடல, நேரா கேமரா முன்னாடி. அவ்ளோ கடுப்பு.

நம்ம பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக் கனவு இருக்குல்ல, எத்தன வீடியோல புலம்பியிருப்பேன், அது திங்கக்கிழமை ராத்திரி மறுபடி வந்துச்சு. கனவுக்கு அர்த்தம் சொல்ற ஆப் ஒண்ணுல எழுதிப் போட்டேன். பதில் பாக்க 299 ரூபா! ரெண்டு நாள் மீன் வாங்கலாம். தொலையுதுன்னு கட்டினா ஒன்றரை வரி: 'அடக்கி வெச்ச சின்ன வயசு ஆசை, ஃப்ராய்டு சொன்னது.' ஆசையா? தொகையிடல் கணக்கு போடவா? அதுலயும் வாராவாரம் 299 தானா எடுப்பாங்களாம். அத நிறுத்துற பட்டனத் தேடவே முக்கா மணி நேரம்.

சரி, இந்த ஃப்ராய்டு, அதான் மனச ஆராய்ஞ்ச அந்த வியன்னா டாக்டர், என்னதான் எழுதியிருக்காருன்னு ராத்திரி மூணு மணி வரைக்கும் படிச்சேன். கனவுகளுக்கு அர்த்தம் சொல்ற அவரோட புத்தகம், 1899ல வந்துச்சு, 600 பிரதி வித்துத் தீர எட்டு வருஷம். நம்ம சேனல் மாதிரியே!

பரீட்சைக் கனவு, பாஸானவங்களுக்குத்தான் வருமாம். அவரே சட்ட மருத்துவத்துல ஃபெயில், அது கனவுல வந்ததே இல்லயாம். பாஸான தாவரவியல், வேதியியல்தான் வருமாம். மறுநாள் ஏதாவது பயம் இருந்தா, 'அன்னிக்கும் இப்படித்தான் நடுங்கின, என்ன ஆச்சு?'ன்னு கனவு தட்டிக்குடுக்குதாம். நான் கணக்குல 200க்கு 171. மறுநாள்... ஐயோ, இத முதல்லயே சொல்லியிருக்கணும், செவ்வாய்க்கிழமை வீட்டு லோனுக்காக பேங்க் மேனேஜரப் பாக்கப் போக வேண்டியிருந்துச்சு!

ஆனா பெரியவங்க கனவுக்கெல்லாம் அடியில குழந்தைப் பருவ ஆசைன்னும் அவர்தான் சொல்றாரு. அது எனக்கு ஒட்டல. அவர் பொண்ணு அன்னா, 19 மாசக் குழந்தை, காலைல வாந்தி எடுத்துச்சுன்னு நாள் பூரா பட்டினி போட்டிருக்காங்க. ராத்திரி தூக்கத்துல ஸ்ட்ராபெரி, முட்டைன்னு வரிசையா கேட்டுச்சாம். அதுல அடக்கி வெச்சது எங்க? பசிங்க!

1977ல ஹாப்சன், மெக்கார்லின்னு ரெண்டு மூளை ஆராய்ச்சியாளர்கள், தூக்கத்துல மூளைத்தண்டு கண்டபடி சிக்னல் அனுப்புது, மேல் மூளை அதக் கதையா கோக்குதுன்னாங்க. கண்டபடின்னா வேதியியல் ஒரு நாளாவது வரணுமே! எனக்கு ஏன் கணக்கே வருது?

ஆங், இன்னொண்ணு விட்டுட்டேன். கனவுல பரீட்சை ஹாலுக்கு நைட்டியோட போயிருந்தேன். அந்தப் பூப்போட்ட நைட்டிதான். கமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க.