நாலு எல்இடிக்கு ஒரே ரெசிஸ்டரா? தயவுசெஞ்சு வேண்டாம்!

வணக்கம் மக்களே! இந்த வாரம் மாணவர் அணிகள் அனுப்பின விளக்கு பொம்மை சர்க்யூட் படங்களைப் பார்த்து எனக்கு மனசே ஆறல. பாதிக்கு மேல, நாலு எல்இடியையும் பேரலல்ல, அதாவது பக்கம் பக்கமா இணைச்சு, மொத்தத்துக்கும் கரென்ட்டைக் கட்டுப்படுத்த ஒரே ரெசிஸ்டர்! போன வீடியோவுலயே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!

சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 கிட்ட வேணும். ஒண்ணா போட்டா சிவப்பு மொத்த வோல்டேஜையும் 2 பக்கத்துலயே பிடிச்சு வெச்சுடும், நீலம் எரியவே எரியாது. கெட்டுப்போச்சுன்னு நினைச்சு புதுசு மாத்துவீங்க, அதுவும் எரியாது. ஒரே நிறமா இருந்தாலும் ஒண்ணு பளிச்சுன்னும் ஒண்ணு மங்கலாவும் வரலாம்.

ஒவ்வொண்ணுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்க. மூணு ஏஏஏ பேட்டரி, 4.5 வோல்ட். சிவப்புக்கு 2 போக மிச்சம் 2.5. 15 மில்லிஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர் கரென்ட் வேணும்னா 2.5-ஐ 0.015-ஆல வகுங்க, 167 ஓம், அடுத்த ஸ்டாண்டர்டு மதிப்பு 180. நீலத்துக்கு மிச்சம் 1.5, அதை 0.015-ஆல வகுத்தா கச்சிதமா 100 ஓம். ரெண்டே ரெண்டு வகுத்தல்தாங்க!

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், ரீசார்ஜ் பேட்டரின்னா ஒண்ணுக்கு 1.2 வோல்ட்தான். மூணு சேர்ந்து 3.6. அதே 100 ஓம்ல நீலத்துக்கு 6 மில்லிஆம்பியர்தான் போகும், மங்கிடும். ரெண்டு பேட்டரியோட நிறுத்தினா நீலத்தை மறந்துடுங்க.

அடுத்து பொம்மையோட பிளாஸ்டிக் கூடு. த்ரீடி பிரிண்ட்ல வந்துடுச்சுன்னு அதே டிசைனை மோல்டுக்கு, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்துற அச்சுக்கு, அனுப்பாதீங்க. சுவர் எல்லா இடத்துலயும் ஒரே கனம், 2 மில்லிமீட்டர் வெச்சுக்கலாம். மோல்டுல இருந்து கழண்டு வர பக்கச் சுவருக்கு 1 முதல் 2 டிகிரி சரிவு. சுவருக்குப் பலம் குடுக்க உள்ள ரிப், அதாவது மெல்லிசான முட்டுப்பட்டை வெச்சா, அதோட கனம் சுவரோட கனத்துல 60 சதவீதம், அதாவது 1.2 மில்லிமீட்டர். தடிமனா வெச்சா அந்த இடம் மெதுவா ஆறி, சுருங்கி, வெளிப்பக்கம் குழி விழும். நிறம் எனக்கு எப்பவும் பால் வெள்ளைதான். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பிடிக்கவே பிடிக்காது, எல்இடி புள்ளியா கண்ணைக் குத்தும்.

ஆங், பேட்டரி மூடி! அதுக்கு ஸ்க்ரூ கட்டாயம், கழட்டினாலும் மூடியை விட்டு விழாத ஸ்க்ரூவா வைங்க. பட்டன் செல்லை பொம்மைக்குத் தொடாதீங்க. குழந்தை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்துடும்.

கூட்டை மூடறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை 180 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு முனையிலயும் வைங்க. 2.5 வோல்ட் காட்டினா, கரென்ட் 14 மில்லிஆம்பியர்தான் போகுது. தைரியமா மூடுங்க!