சீட்டு வேண்டாம், உறையில் போடுங்கள்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, இந்த லண்டன் குளிரிலும் பட்டிமன்றம் கேட்க வந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

நிவாரண நிதி திரட்ட ஏற்றது அதிர்ஷ்டலாபச் சீட்டா, நேரடி நன்கொடையா என்பது தலைப்பு. சீட்டுக்காக வாதாடிய அண்ணா பிக்காசோவையே சாட்சிக்குக் கூட்டிவந்துவிட்டார். 2020-இல் பாரிஸில் 100 யூரோச் சீட்டுக்கு ஒரு பிக்காசோ ஓவியம் பரிசு. 51,000-க்கும் மேல் சீட்டு விற்று 51 லட்சம் யூரோ சேர்ந்தது. கேமரூன், மடகாஸ்கர், மொராக்கோவில் தண்ணீர் வசதிக்காகத் திரட்டியது என்றார். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் சொன்னார்.

அவர் விட்டதை நான் சொல்கிறேன். விற்க நினைத்தது 2 லட்சம் சீட்டு, போனது கால்வாசி. ஓவியத்தைக் கொடுத்தவர் சும்மா கொடுக்கவில்லை, அவருக்கு 9 லட்சம் யூரோ. குலுக்கலும் தள்ளிப்போய், கொரோனாவும் குறுக்கிட்டு, மே 20-இல்தான் நடந்தது. வெள்ளத்தில் மூழ்கிய ஊர் இப்படிக் காத்திருக்குமா? பிக்காசோவுக்கே இந்த நிலை என்றால் நம் ஊர்ச் சங்கத்து ரைஸ் குக்கருக்கு என்ன நிலை ஐயா?

சரி, கணக்குக்கு வருவோம். இந்த நாட்டில் வருமான வரி கட்டும் ஒருவர் அறக்கட்டளைக்குப் பத்துப் பவுண்டு நன்கொடை கொடுத்து, கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அரசு இரண்டரைப் பவுண்டை மேலே போட்டுக் கொடுக்கிறது. அதே பத்துப் பவுண்டுக்குச் சீட்டு எடுத்தால் ஒரு பென்னிகூட வராது. ஏனென்றால் நீங்கள் எதையும் கொடுக்கவில்லை, ஒரு சீட்டை வாங்கியிருக்கிறீர்கள்.

இங்கே வரி கட்டும் இருநூறு பேர், ஆளுக்குப் பத்துப் பவுண்டு என்று வைப்போம். நன்கொடையாக கிஃப்ட் எய்ட் உறையில் போட்டால் 2,000 பவுண்டு 2,500 ஆகிறது. சீட்டில் போட்டால்? நிகழ்ச்சியில் விற்கும் சீட்டில் பரிசுக்கு 500 பவுண்டு, மற்றச் செலவுக்கு 100 பவுண்டு வரை கழிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. முழுதாகக் கழித்தால் மிச்சம் 1,400. பரிசெல்லாம் கடைக்காரர்கள் இலவசமாகத் தருவார்கள் என்பீர்கள். தரட்டும். அப்போதும் அரசு தரவிருந்த 500 பவுண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு வருகிறீர்கள்.

இதே சீட்டை உள்ளூர்க் கவுன்சிலில் பதிந்து பெரிதாக நடத்தினால் இன்னும் வேடிக்கை. வசூலில் குறைந்தது 20 சதவீதம் நல்ல நோக்கத்துக்குப் போனால் போதும் என்கிறது விதி. நூறில் இருபது!

எதிரணி அக்கா, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார். 1968-இல் தமிழ்நாட்டு அரசு லாட்டரி தொடங்கியபோது வந்த வாசகம். அக்கா அங்கேயே நின்றுவிட்டார். 2003-இல் அதே தமிழ்நாட்டில் லாட்டரிக்கே தடை வந்தது. கூலி வாங்கிய கையோடு சீட்டுக்கடைக்குப் போனவர்களை இங்கிருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். நம் சங்கச் சீட்டு அவ்வளவு தூரம் போகாது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அவர்களின் பலமான வாதம் வேறு: "சும்மா கேட்டால் யார் கொடுப்பார்கள்?" 2004 ஆழிப்பேரலையை நினைத்துப் பாருங்கள். டி.இ.சி. என்ற கூட்டு உதவி அமைப்பு வேண்டுகோள் விடுத்தது. பிரித்தானிய மக்கள் கொடுத்தது 39 கோடியே 20 லட்சம் பவுண்டு. எந்தப் பரிசைக் காட்டி வாங்கினார்கள்? கடல் வந்து போன கரையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். சீட்டு விற்கும்போது நாம் என்ன பேசுகிறோம்? "முதல் பரிசு டிவி அண்ணா, ஐந்து எடுத்தால் ஒன்று இலவசம்!" எந்த ஊரில் என்ன நடந்தது, யாருக்கு என்ன தேவை என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. டிவி எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்கிறார்கள்!

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். பின்னால் மேசையில் இன்றைக்கும் சீட்டுப் புத்தகம் இருப்பதைப் பார்த்தேன். அதை மண்டப வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நானும் இரண்டு எடுக்கிறேன். நிவாரணத்துக்கு மட்டும் பக்கத்தில் கிஃப்ட் எய்ட் உறைகளையும் நாலு பேனாவையும் வைக்கச் சொல்லித் தீர்ப்பளியுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.